சிப் மாறினால் பாட்டு மாறுமா?

1985இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஒரு பந்தயம் நடந்தது. பாப் கார்வர் என்ற பொறியாளர், ஒலிக்கருவி ரசிகர்கள் பெரிதும் மதித்த ‘ஸ்டீரியோஃபைல்’ இதழின் ஆசிரியர்களிடம் சவால் விட்டிருந்தார். நீங்கள் கொண்டாடும் ஆம்ப்ளிஃபையரைக் கொடுங்கள். 48 மணி நேரத்தில் என் மலிவான ஆம்ப்ளிஃபையரை அதைப் போலவே ஒலிக்க வைக்கிறேன் என்றார். அவர்கள் விலை உயர்ந்த வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்றைக் கொடுத்தார்கள். கார்வர் இரண்டுக்குள்ளும் ஒரே இசையைச் செலுத்தினார். ஒன்றிலிருந்து வருவதை மற்றொன்றிலிருந்து கழித்து, மிஞ்சுவதை மட்டும் கேட்டபடியே தன் கருவியின் உள்சுற்றைத் திருத்திக்கொண்டு போனார். மிச்சம் ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றானதும் ஆசிரியர்களை உட்கார வைத்தார். எது எந்தக் கருவி என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதை மறைக்காமல் தங்கள் இதழிலேயே எழுதினார்கள்.

எல்லா ஆம்ப்ளிஃபையரும் ஒன்றுதான் என்று வாதிடுபவர்கள் இந்தக் கதையின் முடிவை மட்டும் சொல்வார்கள். மறுதரப்போ தொடக்கத்தைப் பிடித்துக்கொள்ளும்: திருத்துவதற்கு முன்பு இரண்டும் வேறுவேறாகத்தானே ஒலித்தன? எனக்கு முழுக் கதையும் வேண்டும். வித்தியாசம் இருந்தது. அதை அளக்க முடிந்தது. அளவில் சமமானதும் காதுக்கும் சமமாயிற்று. ஹெட்போன் ஆம்ப், ஒலி மாற்றும் சிப் பற்றி இன்று நடக்கும் சண்டை முழுவதையும் இந்த ஒரு கதையை வைத்தே தீர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

சண்டை ஏன் இன்று இவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்குக் காரணம் எளியது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளையைக் கைவிட்டது. மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தன. அதுவரை போனுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒரு பாகம், தனியாகக் காசு கொடுத்து வாங்கும் பொருளாயிற்று. பாட்டு நம் போனில் எண்களாக இருக்கிறது. சிடி தரத்தில் ஒவ்வொரு காதுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களை மின்னழுத்தமாக மாற்றுவது டிஏசி எனப்படும் சிப். அந்த மெல்லிய மின்னலையை ஹெட்போனின் சவ்வை அசைக்கும் அளவுக்குப் பலப்படுத்துவது ஆம்ப். இந்த இரண்டும் சேர்ந்த டாங்கிள் சில நூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. இதே வேலையைச் செய்யும் மேசைக்கருவி பல லட்சத்துக்கும் விற்கிறது. கல்லூரி மாணவர்கள் சேர்த்து வைத்த பணத்தில் இதையெல்லாம் வாங்குகிறார்கள். ஆகவே கேள்வி பொழுதுபோக்குக் கேள்வி அல்ல.

வெல்வெட்டும் வாளும்

சிப்பிலிருந்து தொடங்குவோம். இந்தத் துறையில் இரண்டு பெயர்கள் பெரியவை: ஜப்பானின் ஏகேஎம், அமெரிக்காவின் ஈஎஸ்எஸ். ஏகேஎம் தன் சிப்புகளை ‘வெல்வெட் சவுண்ட்’ என்ற பெயரில் விற்கிறது. ஈஎஸ்எஸ் தன் வரிசைக்கு வாளைக் குறிக்கும் ‘சேபர்’ என்று பெயர் வைத்திருக்கிறது. ரசிகர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏகேஎம் மிருதுவாக, வெதுவெதுப்பாக ஒலிக்கும் என்பார்கள். ஈஎஸ்எஸ் கூர்மையானது, சற்றே கண்ணைப் பறிப்பதுபோல் பளிச்சிடுவது என்பார்கள். பெட்டியில் அச்சிட்ட பெயரும் காதில் கேட்டதாகச் சொல்லப்படும் குணமும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்துவது எனக்கு நெடுநாளாக உறுத்தலாகவே இருக்கிறது.

2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகா நகரில் இருந்த ஏகேஎம் தொழிற்சாலை தீப்பிடித்தது. அணைக்க நாட்கள் ஆயின, உற்பத்தி நின்றது. உலகெங்கும் ஒலிக்கருவி தயாரிப்பவர்கள் சிப் கிடைக்காமல் தவித்து, கருவிகளை ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாற்றி வடிவமைத்தார்கள். ஜெர்மனியின் ஆர்எம்இ நிறுவனம், ஒலிப்பதிவுக்கூடங்களிலும் பயன்படும் தன் ஏடிஐ-2 டிஏசி கருவியில் ஏகேஎம்மை எடுத்துவிட்டு ஈஎஸ்எஸ்ஸை வைத்தது. கருவியின் பெயர் அதேதான், முகப்பும் அதேதான், அளவீடுகளும் கேட்புக்குப் பொருட்டில்லாத தொலைவில்தான் விலகின. சிப்புக்கென்று தனிக் குரல் இருந்தால் வெல்வெட் வாளாக மாறிய அந்தக் கருவி அடையாளம் தெரியாமல் போயிருக்க வேண்டும். அப்படி எதுவும் நடக்கவில்லை.

காரணம் எண்களில் இருக்கிறது. சிடியின் 16 பிட் தரும் ஒலி வீச்சு ஏறத்தாழ 96 டெசிபெல். ஈஎஸ்எஸ்ஸின் உச்சச் சிப்புகளில் ஒன்றான ஈஎஸ்9038புரோவுக்கு நிறுவனம் அறிவிக்கும் வீச்சு 140 டெசிபெல். இப்போது நம் பக்கம் பார்ப்போம். இரவில் அமைதியாக இருக்கும் ஓர் அறையிலேயே 30 டெசிபெல் இரைச்சல் இருக்கும். காது வலிக்கும் அளவுக்கு 110 டெசிபெல்லில் பாட்டு வைத்தாலும் இடைப்பட்ட வீச்சு 80தான். இசைத்தட்டுக் காலத்திலும் கேசட் காலத்திலும் நாடாவில் பதிவான பழைய திரைப்பாடல்களில், நாடாவின் சீறலுக்கும் பாட்டின் உச்சத்துக்கும் இடையே பெரும்பாலும் 60, 70 டெசிபெல்தான் இருக்கும். அந்தப் பாடலை 120 டெசிபெல் சிப்பில் கேட்டாலும் 140 டெசிபெல் சிப்பில் கேட்டாலும் கேட்பது அந்த நாடாவின் சீறலைத்தான். அந்தக் கூடுதல் 20 டெசிபெல் அறிவிப்புத்தாளில் மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் கேட்கும் பதிவு நம்மை வந்து சேர்வதற்கு முன்பே எண்ணற்ற சிறு ஆம்ப்ளிஃபையர்கள் வழியாக வந்திருக்கிறது. 1970களின் இறுதியில் வந்த என்இ5532 என்ற மலிவான ஆம்ப்ளிஃபையர் சிப், பல பத்தாண்டுகளாக உலகின் ஒலிக்கலவை மேசைகளில் நிறைந்திருக்கிறது. பாடகரின் மைக்கிலிருந்து இறுதிப் பிரதி வரை குரல் இப்படிப்பட்ட சிப்புகளுக்குள் பல முறை நுழைந்து வெளிவந்திருக்கும். அத்தனை சிப்புகளைக் கடந்தும் கெடாத குரல், கடைசியாக நம் வீட்டில் இருக்கும் ஒன்றைக் கடக்கும்போது மட்டும் உருமாறிவிடும் என்பதை நான் எப்படி ஏற்பது?

காதை மட்டும் நம்பிய சோதனைகள்

வாதம் போதாது, சோதனை வேண்டும் என்பார்கள். சரியான கோரிக்கைதான். 1987 ஜனவரியில் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ், 220 டாலர் கருவியிலிருந்து 12,000 டாலர் வால்வு ஆம்ப்ளிஃபையர் வரை எடுத்துக்கொண்டு 25 பேரைக் கேட்க வைத்தது. வித்தியாசம் உண்டு என்று நம்பியவர்களும் இல்லை என்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். பெயர் மறைக்கப்பட்டது, ஒலியளவு சமமாக்கப்பட்டது. மொத்த விடைகள் நாணயம் சுண்டிச் சொன்னதுபோலத்தான் வந்தன. 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் சிடியைவிட உயர்தரமான ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போது, நடுவில் அதை ஒருமுறை 16 பிட் எண்களாக்கி மறுபடி அலையாக்கும் சுற்று ஒன்றைப் புகுத்தினார்கள். அதாவது கூடுதலாக ஒரு மாற்றி, அதுவும் சிடி தரத்தில். 554 முறை கேட்கப்பட்டது. சரியான விடை 276. பாதிக்கும் ஒன்று குறைவு. பாட்டு ஓடாத இடங்களில் ஒலியளவை மிக உயர்த்தியபோது மட்டும் 16 பிட்டின் இரைச்சல் பிடிபட்டது.

எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரெய்ஸ், 18 ஆய்வுகளின் 12,000க்கும் மேற்பட்ட விடைகளை ஒன்றுசேர்த்து 2016இல் ஆராய்ந்தார். உயர்தரப் பதிவையும் சிடி தரத்தையும் சரியாகப் பிரித்தறிந்த விடைகள் 52.3 சதவீதம், பயிற்சி பெற்றவர்களின் விடைகளில் 62 சதவீதம் அளவுக்கு எட்டின. இது சிப்பைப் பற்றிய ஆய்வல்ல, பதிவின் தரத்தைப் பற்றியது. ஆனாலும் நேர்மையாகப் படித்தால் இதன் பொருள் தெளிவு: நுண்ணிய வித்தியாசங்களைப் பயிற்சியுள்ள காது சில வேளைகளில் பிடித்துவிடும். அதே நேரம், பயிற்சியோடும் பத்தில் நான்கு முறை தவறும் ஒன்றை ‘இரவும் பகலும் போன்ற வித்தியாசம்’ என்று விமர்சகர் ஒருவர் வர்ணித்தால், அவர் கேட்டது வேறெதையோ.

அந்த வேறெதையோ பற்றிப் பேசுவதற்குத்தான் இந்தக் கட்டுரையை எழுத விரும்பினேன். ஏனெனில் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லவில்லை. பலர் உண்மையாகவே கேட்கிறார்கள். காரணத்தைத்தான் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

ஆம்ப் உண்மையிலேயே மாறும் இடங்கள்

முதல் காரணம் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஆம்ப்பின் வெளியீட்டிலேயே உள்ள மின்தடை. விளம்பரங்களில் அதிகம் இடம்பெறாத, ஆனால் காதுக்கு மிகவும் முக்கியமான எண் இது. தெருவில் மின்னழுத்தம் குறைந்த மாலைகளில் வீட்டு மோட்டாரைப் போட்டதும் பல்பு மங்குவதைப் பார்த்திருப்போம். வரும் கம்பியிலேயே மின்தடை இருப்பதால், பாரம் கூடும்போது அழுத்தம் விழுகிறது. ஆம்ப்புக்கும் ஹெட்போனுக்கும் இடையே நடப்பதும் அதுதான். ஹெட்போனின் இம்பீடன்ஸ் எல்லா ஒலிகளுக்கும் ஒன்றாக இருப்பதில்லை. சென்ஹைசர் எச்டி 600 என்ற புகழ்பெற்ற ஹெட்போனுக்கு 300 ஓம் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் 100 ஹெர்ட்ஸ் அருகே அது 500 ஓமை ஒட்டி ஏறும். 1996ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலை ஒன்று ஹெட்போன் வெளியீட்டுக்கு 120 ஓமைப் பரிந்துரைத்தது. பழைய கருவிகள் பல அப்படித்தான் வந்தன. அதில் இந்த ஹெட்போனைச் செருகினால், கீழ்ச் சுருதி மற்றவற்றைவிட ஒரு டெசிபெல் அளவுக்கு உயரும். தவிலும் மிருதங்கத்தின் தொப்பியும் சற்றே பருத்துக் கேட்கும். ‘வெதுவெதுப்பு’ என்று பெயர் சூட்டப்பட்ட அனுபவங்களில் எத்தனை இந்த ஒரு டெசிபெல்லால் வந்தவையோ!

காதுக்குள் செருகும் இயர்போன்களில், ஒன்றுக்கு மேற்பட்ட நுண் ஒலிப்பான்கள் கொண்டவற்றில் நிலைமை இன்னும் தீவிரம். ஓர் இயர்போனின் இம்பீடன்ஸ் ஓரிடத்தில் 8 ஓம், மற்றோரிடத்தில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 10 ஓம் வெளியீடுள்ள ஆம்ப்பில் செருகினால் அந்த இரு இடங்களுக்கும் இடையே 5 டெசிபெல் சாய்வு உண்டாகும். அது இயர்போனையே மாற்றியதற்குச் சமம். பயிற்சியில்லாத காதும் கண்டுகொள்ளும். அரை ஓம் வெளியீடுள்ள ஆம்ப்பில் அதே சாய்வு அரை டெசிபெல்லுக்கும் கீழே போய்விடும். ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வெளியீட்டு இம்பீடன்ஸ் இருக்கக் கூடாது என்று விவரமறிந்தவர்கள் சொல்வது இதனால்தான். தட்டையான சவ்வு கொண்ட பிளேனார் வகை ஹெட்போன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் இம்பீடன்ஸ் எல்லாச் சுருதியிலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். ஆகவே ‘இந்த ஆம்ப்பின் குரல் இப்படி’ என்று தனியாகச் சொல்வதில் பொருளே இல்லை. எந்த ஹெட்போனுடன் என்று சேர்த்துச் சொன்னால்தான் அது தகவல்.

இரண்டாவது காரணம் பலம். 600 ஓம் ஹெட்போன்களும், ஹைஃபைமேன் எச்இ-6 போல மின்சாரத்தை விழுங்கும் ஹெட்போன்களும் டாங்கிளுக்கு அடங்காதவை. உச்சங்களில் அலை வெட்டுப்படும்; உருமி கரகரக்கும். இதற்குப் பெரிய ஆம்ப் வாங்குவது நியாயமான செலவு. நேர்மாறாக, நுண்ணுணர்வு மிக்க இயர்போனைப் பெரிய மேசை ஆம்ப்பில் செருகினால் பாட்டுக்கு நடுவே ‘ஸ்ஸ்’ என்ற சீறல் கேட்கும். இங்கே விலை உயர்ந்த கருவிதான் மோசமான கருவி.

மூன்றாவது, மடிக்கணினியிலிருந்து வரும் முனகல். எர்த் சரியாக இல்லாத பிளக் பாயின்ட்டுகள் நம் வீடுகளில் சாதாரணம். சார்ஜரைச் செருகியதும் ஹெட்போனில் ஒரு ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் தனிக்கருவிக்கு மாறியதும் அது மறையும். இருண்ட பின்னணி, கறுப்பு அமைதி என்றெல்லாம் விமர்சனங்களில் வருவதில் ஒரு பகுதி இந்த மின்கசிவு நின்றதன் நிம்மதிதான். பாராட்டு என்னவோ சிப்புக்குப் போகிறது.

வேண்டுமென்றே வேறு மாதிரி ஒலிக்கச் செய்யப்பட்ட கருவிகளும் உண்டு. இடைநிரப்பு வடிகட்டி இல்லாமல், எண்களைப் படிக்கட்டாகவே வெளியிடும் ஒரு வகை டிஏசி இருக்கிறது. கணக்குப்படியே சிடி ஒலியில் 20,000 ஹெர்ட்ஸில் அது 3 டெசிபெல் இழக்கும். இளம் காதுக்கு அந்த மென்மை தெரியலாம். வால்வு ஆம்ப்ளிஃபையர்கள் தம் பங்குக்கு மூல ஒலியின் இரட்டைப்படை மடங்குச் சுருதிகளைச் சேர்க்கின்றன. அது பிடித்தவர்கள் கேட்கட்டும், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அதைக் கூடுதல் துல்லியம் என்று விற்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்று மீதமிருக்கிறது: சத்தம். சற்றே உரக்கக் கேட்பது நமக்குச் சிறப்பாகக் கேட்கும். மனிதக் காதின் இந்தப் பண்பு 1933இல் ஃப்ளெட்சரும் மன்சனும் வரைந்த கோடுகளிலேயே தெரிகிறது. ஒலியளவு கூடும்போது கீழ்ச் சுருதிகள் விகிதத்துக்கு மேல் எழுந்து வருகின்றன. அரை டெசிபெல் உயர்வு சத்தமாகத் தெரியாது. தெளிவாக, உயிரோட்டமாகத் தெரியும். 2016இல் வந்த எல்ஜி வி20 போனில் ஈஎஸ்எஸ்ஸின் ‘குவாட் டிஏசி’ இருந்தது. செருகப்படும் ஹெட்போனின் இம்பீடன்ஸ் அதிகம் என்று கண்டால் அந்தப் போன் தானாகவே வெளியீட்டு மின்னழுத்தத்தைக் கூட்டிவிடும். நான்கு மாற்றிகளின் மகிமை என்று பலர் கொண்டாடியதில் கணிசமான பங்கு அந்தக் கூடுதல் சத்தத்துக்கு உரியது. இதற்கு எதிர்மறையான உதாரணம் ஆப்பிளின் ஒன்பது டாலர் யுஎஸ்பி-சி டாங்கிள். அளந்தால் அதன் இரைச்சலும் திரிபும் பாட்டைவிட ஏறத்தாழ 100 டெசிபெல் கீழே இருக்கின்றன. வெளியீட்டு இம்பீடன்ஸ் ஒரு ஓமை ஒட்டித்தான். எளிதில் குறை சொல்ல முடியாத கருவி. ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் அதன் உள் ஒலியளவு முழுமைக்கு ஏறுவதில்லை. அதில் கேட்டவர்கள் சோகையான ஒலி என்று எழுதினார்கள். சோகை சிப்பில் இல்லை, ஒலியளவில்.

கண்ணும் கேட்கிறது என்பதைச் சேர்த்துக்கொண்டால் படம் முழுமையாகும். 1994இல் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னாலும் வெளிப்படையாகவும் வைத்து, ஒலிக்கருவி நிறுவன ஊழியர்கள் 40 பேரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரை இல்லாதபோது மதிப்பெண்கள் மாறின. பெரிய, அழகிய பெட்டிகள் ஏறின, சின்னது இறங்கியது. இத்தனைக்கும் அவர்கள் தொழில் அறிந்தவர்கள். அறிவு நம்மைக் காப்பதில்லை, திரைதான் காக்கிறது. பிடித்த பொருளைப் பார்த்துக்கொண்டே கேட்கும் இன்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த இன்பத்தைப் பொருளின் ஒலித்தரம் என்று அடுத்தவருக்குப் பரிந்துரைக்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

தீங்கு பணத்தில் மட்டுமில்லை, பணம் போகும் இடத்திலும் இருக்கிறது. நல்ல இரண்டு டிஏசிகளுக்கு இடையே, கேட்கும் எல்லைக்குள், பத்தில் ஒரு டெசிபெல் விலகல் இருந்தாலே அதிகம். இரண்டு ஹெட்போன்களுக்கு இடையே சில சுருதிகளில் 5, 10 டெசிபெல் விலகுவது சர்வசாதாரணம். ஹெட்போன் காதை மூடும் விதம் கொஞ்சம் தளர்ந்தாலும், மூக்குக்கண்ணாடியின் காம்பு உண்டாக்கும் இடுக்கில் காற்று போனாலும் கீழ்ச் சுருதி வடிந்துவிடும். உழைத்துத் தேய்ந்த காதணைப்பை மாற்றுவது ஆயிரக்கணக்கில் விலையுள்ள டாங்கிளைவிடக் கூடுதலாக ஒலியை மாற்றும். அதிலும் விலையை நம்பிவிட முடியாது. யேரூன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017இல் 283 ஹெட்போன்களை அளந்த தரவுகளை அலசி, விலைக்கும் சுருதிச் சமநிலைக்கும் தொடர்பே இல்லை என்று காட்டினார். காசுள்ளவரும் இல்லாதவரும் காதால் கேட்டுத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இசை ரசிகருக்கு எவ்வளவு நல்ல செய்தி! ஆனால் இந்தச் செய்தியை நமக்குச் சொல்லும் விமர்சகர் அரிது.

தமிழில் கருவி விமர்சனம் செய்பவர்கள் இப்போது நிறைய வந்திருக்கிறார்கள். அவர்களிடம் என் கோரிக்கை மூன்று எண்களுக்கானது: வெளியீட்டு இம்பீடன்ஸ், 32 ஓமிலும் 300 ஓமிலும் கிடைக்கும் பலம், இரைச்சல் அளவு. பெட்டியில் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்டு வாங்கிச் சொல்லுங்கள். தராவிட்டால் தரவில்லை என்றாவது சொல்லுங்கள். சிப்பின் பெயரை வைத்து ஒலியை வர்ணிப்பதை நிறுத்துங்கள். ஒலியளவைச் சமமாக்கிக் கேட்டீர்களா என்பதை ஒரு வரியில் தெரிவியுங்கள்.

அது பெரிய ஆய்வுக்கூட வேலை அல்ல. 200 ஹெர்ட்ஸ் ஒற்றை ஒலியை இரு கருவிகளிலும் ஓடவிட்டு, ஹெட்போன் செருகிய நிலையில், மின்கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டரால் ஏசி மின்னழுத்தத்தை அளந்து இரண்டையும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தால் போதும். பத்தில் ஒரு டெசிபெல்லுக்குள் வந்துவிடும். பிறகு நண்பர் ஒருவர் நாணயத்தைச் சுண்டி, நமக்குத் தெரியாமல் கருவியை மாற்றிச் செருகட்டும். இடைவெளி சில நொடிகளுக்கு மேல் போகக் கூடாது. ஒலி நினைவு அதற்குள் கரைந்துவிடும். நன்றாகத் தெரிந்த பாடலின் ஒரு சிறு பகுதியையே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இப்படி 16 முறை. 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால், அது குருட்டாம்போக்கில் அமைய வாய்ப்பு 100இல் 4க்கும் குறைவு. அப்போது அந்தக் கருவியைத் தாராளமாக வாங்கலாம். எந்த எண் விலகியிருக்கிறது என்று அளந்தும் தெரிந்துகொள்ளலாம். ஹெட்போன்களைச் செருகிக் கேட்க மேசை போட்டு வைத்திருக்கும் கடைகள், அந்த மேசையில் ஒரு மாற்று ஸ்விட்சையும் ஒரு மல்டிமீட்டரையும் வைத்தால் இந்தச் சோதனையை வாங்க வருபவர் அங்கேயே செய்துவிடலாம். அதைச் செய்ய முன்வரும் கடையில்தான் நான் வாங்குவேன்.